கழுத்துப் பட்டைக்குக் காத்திருந்த வருடம்

ஆகஸ்ட் 12

காலையில் டிரைவிங் ஸ்கூலில் மூன்று கார்களையும் கழுவினேன். பழைய வெள்ளைக் காரின் தரைவிரிப்பில் யாரோ பயத்தில் மென்று துப்பிய சூயிங்கம் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதைச் சுரண்டுவதிலேயே பாதிக் காலை போய்விட்டது.

கற்றுக்கொள்ளச் சேர வந்த ஒருவர் ஆபீஸ் எங்கே என்று கேட்டார். கையைக் காட்டினேன். "ஏன் சார், வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?" என்றார். போனில் சேமித்து வைத்திருக்கும் பதிலை எடுத்துக் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக அடித்து அலுத்துவிட்டது: 'போன வருடம் புற்றுநோய்க்காக என் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். காது நன்றாகக் கேட்கும். கத்த வேண்டாம்.' படித்து முடித்துவிட்டு "அப்படியா சார்!" என்று கத்தினார். எல்லோருமே கத்துகிறார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று தொண்டை கிழியக் கத்தி ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். இப்போது அதே காருக்கு ஷாம்பூ போடுகிறேன். கூட்டாளி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்கூல் எங்கள் இருவருக்கும் சொந்தம், அவன் ஒன்றும் எனக்கு முதலாளி இல்லை. ஆனாலும் சங்கடத்தோடு வந்து, "விடுடா, இன்னும் ஒரு மாசம். பட்டை வந்துடட்டும், நீ பழையபடி சீட்ல ஏறிடுவே" என்றான்.

எனக்கும் அதுதான் நினைப்பு.

ஆகஸ்ட் 16

தேதி சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் 17, மாலை. மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் வராததுமாகச் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினாள். "அப்பா, பாருங்க! இந்த வருஷம் பெரிய அறிவிப்பு இருக்காம்."

போன வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது பட்டை செய்யும் அந்தப் போன் கம்பெனியின் அறிவிப்பு விழாவை அவள்தான் காட்டினாள். வெள்ளை ஷூ போட்ட ஒருவர் மேடையில் அங்குமிங்கும் நடந்தார். பிறகு ஒரு பெண் வந்தாள். என்னைப் போலவே கழுத்தில் துளை. அதற்கு மேலே மெல்லிய பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள். ஸ்பீக்கரில் குரல் வந்தது. மனுஷக் குரல்! கொஞ்சம் கரகரப்புகூட இருந்தது. "தொண்டையின் அசைவுகளைப் படிக்கும் எங்கள் நுட்பம். அடுத்த வருடம் உங்கள் கைகளில்" என்றார் வெள்ளை ஷூக்காரர். தையல்கூடப் பிரிக்காத கழுத்தோடு நான் தலையை ஆட்டினேன், அவர் என்னிடமே சொன்னது மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவர்கள் ஷோரூமில் பெயர் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24

மனைவி இன்று மறுபடி பேச்சுப் பயிற்சி வகுப்பைப் பற்றி எடுத்தாள். "சும்மா இருக்கற நேரத்துல போயிட்டு வந்தா என்னங்க?"

போனில் அடித்துக் காட்டினேன்: 'இன்னும் மூணு வாரம்தானே.'

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அந்த வகுப்புக்குப் போன வருடம் சில நாள் போனேன். பேச்சு வருவதற்காகத் தொண்டைக்குள் வைத்துப் பார்த்த வால்வு ஒழுகி, எடுத்துவிட்டார்கள். கழுத்தில் வைத்து அழுத்தினால் இரைகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். தையல் போட்ட இடம் கல் மாதிரி இறுகிப்போனதால், வண்டு பறக்கிற சத்தம் மட்டும்தான் வந்தது. மீதி இருந்தது ஒரே வழி. கொஞ்சம் காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, அது வயிற்றுக்குப் போகுமுன் திருப்பி வெளியே விட வேண்டும். வரும் சத்தத்தை வாயால் பேச்சாக்க வேண்டும். நாசூக்காக என்ன பெயர் வைத்தாலும் அது ஏப்பம்தான். வீட்டில் யாராவது சாப்பாட்டு மேஜையில் ஏப்பம் விட்டால் எழுந்து போகச் சொல்கிறவன் நான். நான் போய் ஏப்பத்தில் பேசுவதா? அதுவும் அறிவாளிகளெல்லாம் உட்கார்ந்து எனக்காக ஒரு பட்டை செய்துகொண்டிருக்கும்போது?

நின்றுவிட்டேன்.

செப்டம்பர் 3

மகளும் மனைவியும் ஏதோ ஒரு துப்பட்டாவுக்காகச் சண்டை போட்டார்கள். நன்றாக, சுவாரஸ்யமாக. நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

என்னோடு யாரும் சண்டை போடுவதில்லை. போட முடியாது. அவள் ஒன்று சொல்ல, நான் போனை எடுத்து, பூட்டைத் திறந்து, எழுத்தைத் தேடி அடித்து நீட்டுவதற்குள் அவளுக்குக் கோபம் ஆறிவிடுகிறது. எனக்கும் கை வலிக்கிறது. எல்லாவற்றுக்கும் "சரிங்க, நீங்க சொல்றதுதான் சரி." நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பது மாதிரி சரி கொடுக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னது எதையும் ஒரே தடவையில் ஒத்துக்கொண்டவள் இல்லை. இப்போது பயமாக இருக்கிறது, இவள் என்னைப் பாதி வழியனுப்பிவிட்டாளோ என்று.

செப்டம்பர் 16

நாளை.

செப்டம்பர் 17

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மனைவி தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். கடையில் சொல்லிவிட்டு வந்தாளாம். மகள் லேப்டாப்பை டிவியோடு இணைத்தாள். கூட்டாளி ஒரு பெரிய பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து சோபாவின் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். நான் நல்ல சட்டை போட்டிருந்தேன். ஏன் போட்டேன்? டிவியில் அவர்கள் என்னைப் பார்க்கப் போகிறார்களா?

வெள்ளை ஷூக்காரர் வந்தார். முதலில் போன். போன வருடத்துப் போனைவிட மெலிசு. "ஏற்கெனவே பாக்கெட்ல இருக்கறதே தெரியல, இன்னும் எதுக்கு மெலிசு?" என்றான் கூட்டாளி. அடுத்தது மோதிரம், நாம் தூங்கினோமா என்று நமக்கே சொல்லுமாம். அடுத்தது புதிய நிறங்கள். நிறத்துக்கு மட்டும் ஒரு படம் போட்டார்கள், கடல் மேகம் என்று ஏதேதோ. ஒவ்வொன்று முடிந்ததும் மகள், "அடுத்தது அதுதான்ப்பா" என்றாள். ஒவ்வொரு தடவையும் நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். சோபாவின் நுனிக்கே வந்துவிட்டேன்.

கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தி, "குரல் இல்லாதவர்களுக்குக் குரல்" என்றார். மனைவி என் கையைப் பிடித்தாள். "தொண்டையின் அசைவுகளைப் படிக்கும் எங்கள் நுட்பம்." அதே வாக்கியம்! திரையில் பட்டை சுற்றிச் சுற்றி வந்தது. அதே மெல்லிய பட்டைதான்.

மேடைக்கு ஒரு நாய் ஓடிவந்தது.

பழுப்பு நிற நாய். கழுத்தில் பட்டை. அது குரைத்தது. ஸ்பீக்கர், "எனக்கு விளையாட வேண்டும்" என்றது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நான்கு நிறங்களில் கிடைக்குமாம். மனுஷர்களுக்கான பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நன்றி, வணக்கம், விழா முடிந்தது.

கூட்டாளிதான் முதலில் வாயைத் திறந்தான். "நாய்க்கு எதுக்குடா பேச்சு? அதான் குரைக்குதே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே சிரித்தேன். கழுத்துத் துளையிலிருந்து புஸ் புஸ்ஸென்று காற்று. நான் அழுகிறேன் என்று நினைத்து மகள் வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்புக்கும் அழுகைக்கும் எனக்கு இப்போது ஒரே சத்தம்தான். கொஞ்ச நேரத்தில் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

ஒரு வருஷம். ஒரு வருஷம் வாயைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே. யாரைச் சொல்ல? அந்த ஆளா என் வீட்டுக்கு வந்து காத்திருன்னு சொன்னான்? நானாத்தானே...

செப்டம்பர் 18

படுத்தே இருந்தேன். கார் கழுவப் போகவில்லை.

செப்டம்பர் 19

இணையத்தில் எல்லோரும் கொதித்துப்போயிருக்கிறார்கள். நான் மட்டும்தான் ஏமாந்தவன் என்று நினைத்திருந்தேன். ஒருவருக்குப் பெட்டியில் சார்ஜர் இல்லை என்று ஆத்திரம். இன்னொருவர், போன வருட நீலம் போல இந்த வருட நீலம் இல்லை என்று மனம் உடைந்து பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார். முதலில் பற்றிக்கொண்டு வந்தது. நீலமாம் நீலம்! பிறகு அவர் எழுதியதை முழுவதும் படித்தேன். பாவம், பழைய போன் உடைந்ததிலிருந்து மனைவியின் போனை இரவல் வாங்கிக்கொண்டு இந்த நாளுக்காகக் காத்திருந்தாராம். அவரும் தேதி பார்த்துக்கொண்டிருந்தவர்தான். அவரோடு எனக்கு என்ன பகை?

கம்பெனியின் உதவிப் பக்கத்தில் என் கதையை எழுதிப் போட்டேன். உடனே பதில் வந்தது. 'உங்கள் ஏமாற்றத்தைப் புரிந்துகொள்கிறோம். விரைவான தீர்வுக்கு எங்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசவும்.'

இரண்டு தடவை படித்தேன். என் மனைவியிடம் காட்டினேன். அவளுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உதடு கோணிக்கொண்டு போனது.

செப்டம்பர் 22

பெயரை எடுத்துவிடச் சொல்ல ஷோரூமுக்குப் போனேன். கண்ணாடி, வெளிச்சம், மெழுகு மாதிரி தரை. வாசலிலேயே ஆளுயரத்துக்கு நாய்ப் படம். மேலாளர் அம்மா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். ஒரு கும்பலிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர், அவர்களை விட்டுவிட்டு என்னிடம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"போன வருஷம் உங்க பேரை நான்தான் சார் எழுதினேன். கண்டிப்பா வரும்னு சொன்னேன். மேல இருந்து எங்ககிட்ட அப்படித்தான் சொன்னாங்க. நானும் அன்னிக்கு டிவி முன்னாலதான் சார் உக்காந்திருந்தேன். நாய் வந்ததும் ஆஃப் பண்ணிட்டேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"காலைலேருந்து எல்லாரும் திட்டறாங்க. நீங்க ஒரு வார்த்தை திட்டல" என்றார்.

'திட்ட முடிந்திருந்தால் திட்டியிருப்பேன்' என்று அடித்து நீட்டினேன். சிரித்துவிட்டார். உடனே முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். வேண்டாம் என்று கையசைத்தேன். என் ஜோக்குக்கு ஒருவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "வந்தா நானே வீட்டுக்கு வந்து சொல்றேன் சார். ஆனா எப்போன்னு கேக்காதீங்க. இன்னொரு தடவை உங்களைக் காத்திருங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

வீடுவரை நடந்தே வந்தேன். அந்த அம்மா மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்ட ஒரு இடம் வேண்டாமா?

அக்டோபர் 6

மானம் போன நாள்.

பட்டை இல்லாவிட்டால் என்ன, கையில் போன் இருக்கிறதே என்று ஒரு வீம்பு. எழுதியதை வாசித்துக் காட்டும் செயலியில் எனக்கு வேண்டிய வார்த்தைகளைப் பெரிய பெரிய பொத்தான்களாக அமைத்துக்கொண்டேன். பிரேக். கிளட்ச். இடது. வலது. மெதுவாக. ஆண்குரல் சகிக்கவில்லை. அதனால் ஒரு பெண்குரல், தேன் தடவினாற்போல. கூட்டாளிக்குச் சம்மதமே இல்லை. "கொஞ்ச நாள் போகட்டுமேடா" என்றான். நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய் என் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

கற்றுக்கொள்ள வந்தது ஒரு பல் டாக்டர் அம்மா. ஊரார் வாயையெல்லாம் பிளக்க வைப்பவர், ஸ்டீயரிங்கைப் பிடித்தால் கை நடுங்குகிறது. முதல் தெரு நன்றாகவே போயிற்று. "மெதுவாக" என்று தேன்குரல் சொல்ல, அவர் மெதுவாக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது தெருவில், நிறுத்தியிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. பிரேக் பொத்தானை அழுத்தக் கையைக் கொண்டுபோனேன். பொத்தான் இல்லை! அந்த இடத்தில் ஒரு பெட்டி முளைத்திருந்தது. 'புதிய அப்டேட் தயார். இப்போதே நிறுவவா?'

என் பக்கத்தில் வாத்தியாருக்கென்று இருக்கும் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது. சைக்கிள்காரர் எதுவும் தெரியாமலே போய்விட்டார். டாக்டர் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏன் சார், சொல்லிட்டு மிதிக்கக் கூடாதா?" என்று கத்தினார். கத்திய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. நான் 'பரவாயில்லை' என்று அடிக்கப் பார்த்தால், அந்தப் பெட்டி இன்னும் போகவில்லை. நிறுவவா, நிறுவவா என்கிறது.

அவர் கேட்டது நியாயம். சொல்லாமல் மிதிப்பவன் வாத்தியார் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சுமை.

அக்டோபர் 9

போய்விட்டு வந்தேன்.

அதே பேச்சுப் பயிற்சி அறை. சுவரில் ஒரு கண்ணாடி, மேஜையில் தண்ணீர் டம்ளர். பயிற்சி தரும் அம்மா என்னைப் பார்த்ததும், "வழி ஞாபகம் இருக்கா?" என்றார். 'பட்டைக்காக...' என்று அடிக்க ஆரம்பித்தேன். போனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"தெரியும். இந்த வருஷம் பாதிப் பேர் அதுக்காகத்தான் நின்னாங்க. உங்களை என்ன சொல்றது, நானே அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பாத்தேன். இது வந்துட்டா நம்ம வேலை அவ்வளவுதான்னு பயம் வேற. இப்போ எனக்கு வேலை இருக்கு. உங்களுக்கும் இருக்கு. காத்தை உள்ள இழுங்க."

இழுத்தேன். போன காற்று போனதுதான், திரும்பி வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்போது, கேட்காமலே வந்தது. வெறும் ஏப்பம். அவள் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்டோபர் 21

ஒன்றும் வரவில்லை. வயிறுதான் உப்புகிறது.

நவம்பர் 2

இன்றைக்கு வகுப்பில் பயிற்சி அம்மா ஒரு ரகசியம் சொன்னார். க, ட, ப என்று வெடித்து வரும் எழுத்துகள் வாயிலிருக்கும் காற்றைத் தாமாகவே உள்ளே தள்ளுமாம். அதனால் அவைதான் முதலில் படியும். காக்கா, பாப்பா, பட்டு என்று குழந்தைப் புத்தகம் மாதிரி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நான் அதன் கீழே 'பிரேக்' என்று எழுதிக் காட்டினேன். "அட, அதுல ஆரம்பமும் முடிவும் நமக்குச் சாதகமாச்சே!" என்றார். இவ்வளவு நாள் என் தொழிலில் நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை, சொல்வதற்குச் சுலபமான வார்த்தையாம்.

"கா" என்று ஒன்று வந்தது. தவளை சொன்னது மாதிரி. ஆனால் நான் சொன்னேன். நினைத்தேன், வந்தது.

வீட்டில் சொல்லவில்லை. இந்தத் தடவை யாருக்கும் ஆசை காட்டப் போவதில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்து பயிற்சி.

நவம்பர் 14

கா. பா. காக்கா. டப்பா. தண்ணீர்தான் வீணாகிறது.

நவம்பர் 23

இன்று நடந்ததைப் பத்துத் தடவை எழுதினாலும் தகும்.

மதியம் வெளியே போய்விட்டு வந்தால் வீட்டில் ஒரு பிளம்பர் நிற்கிறார். கையில் ஸ்பானர், தோளில் நீளமான கம்பி. மனைவி அவரைக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறாள். "ரெண்டு மூணு வாரமாவே இந்தச் சத்தம்ங்க. காலைல இவர் குளிக்கும்போதுதான் வருது. கொர்ர்னு ஆரம்பிச்சு டக்குனு நிக்குது. அடைப்பா இருக்குமோ?"

பிளம்பர் எல்லாக் குழாய்களையும் திறந்து மூடினார். சாக்கடை மூடியைத் தூக்கிக் காதை வைத்துக் கேட்டார். கம்பியை விட்டுக் குடைந்தார். "எல்லாம் சுத்தமா இருக்கேம்மா. சத்தம் எப்படி வருதுன்னு கொஞ்சம் செஞ்சு காட்ட முடியுமா?" என்றார். அவளும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "கொர்ர்... க்கா... அப்படி" என்று செய்து காட்டினாள்.

நான் கதவருகே திருடன் மாதிரி நின்றேன். அந்த மனுஷர் சுவரை உடைத்துப் பார்க்கலாமா என்று கேட்ட பிறகு வேறு வழியில்லை. அவள் தோளைத் தொட்டேன். என் நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். காற்றை இழுத்தேன்.

"காக்கா" என்றேன்.

பிளம்பர் சாக்கடை மூடியைப் பார்த்தார். அவள் என் வாயைப் பார்த்தாள். "இன்னொரு தடவை" என்றாள் அவள். "டப்பா" என்றேன். அவள் அப்படியே கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராத அளவுக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "எங்கிட்ட சொல்லக் கூடாதாங்க? குழாய்னு நினைச்சேனே! உங்களைப் போய்க் குழாய்னு நினைச்சேனே!"

"அப்போ அடைப்பு இல்லதானே சார்?" என்றார் பிளம்பர். கூலியைக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். "ஒண்ணும் செய்யலையேம்மா." வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "சார், அந்தக் காக்காவை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். திருப்தியாகப் போனார்.

டிசம்பர் 7

மகளை "பாப்பா" என்று கூப்பிட்டேன். அடுத்த அறையிலிருந்து "வர்றேன்ப்பா" என்று சத்தம் கொடுத்துவிட்டு, நிஜமாகவே வந்தாள். வந்து நின்ற பிறகுதான் இரண்டு பேருக்குமே தெரிந்தது. "என்னப்பா?" என்றாள். எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

டிசம்பர் 19

சளி. துளை வழியாக இருமி இருமி உயிர் போகிறது. ஐந்து நாளாக ஒரு சத்தமும் வரவில்லை. எல்லாம் போய்விட்டதோ? போய்விட்டதுதான் போல. எதற்கு இந்த ஆட்டம் எல்லாம்.

ஜனவரி 11

வந்துவிட்டது. முன்பைவிடக் கொஞ்சம் கெட்டியாகவே வந்திருக்கிறது. பயிற்சி அம்மா, "சொன்னேன்ல?" என்றார். சொல்லவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

ஜனவரி 29

கூட்டாளியிடம் காட்டினேன். வார்த்தையில் சொன்னால் நம்பமாட்டான். காரில் ஏறச் சொல்லிவிட்டு நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். "சரி, நான்தான் இன்னிக்குப் புது ஸ்டூடன்ட்" என்று எல் போர்டைக்கூட மாட்டிக்கொண்டான் படுபாவி. மைதானத்தில் கோணல்மாணலாக ஓட்டினான். கியரை அரைத்தான். கடைசியில் நேராக இரும்புக் கதவைப் பார்த்து வண்டியை விட்டான். கால் என் பெடலுக்குத்தான் முதலில் போனது. காலைப் பிடித்து நிறுத்தி வைத்தேன்.

"பிரேக்!"

வந்தது. கார் முழுக்க வந்தது. அவன் மிதித்தான். கதவுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "முன்ன மாதிரியே கேவலமாத்தான்டா கத்தறே" என்றான்.

பல் டாக்டர் அம்மாவுக்குப் போன் போட்டானாம். திங்கட்கிழமை வருகிறாராம்.

பிப்ரவரி 2

வந்தார். நான் "கிளட்ச்" என்றதும் சிரித்துவிட்டார். கேலி இல்லை. "கொஞ்சம் பயமா இருக்கு சார், உங்க குரல். நல்லதுதான், சொன்னா உடனே கால் போகுது" என்றார். ஒரு மணி நேரத்துக்குமேல் தாங்கவில்லை. வயிறு உப்பி, கழுத்து வலித்து, வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். நீளமான வாக்கியம் இன்னும் வரவில்லை. ஒரு மூச்சுக்கு இரண்டு மூன்று வார்த்தைதான். டிரைவிங் சொல்லிக்கொடுக்க அதுவே அதிகம்.

பிப்ரவரி 20

ஷோரூம் மேலாளர் அம்மாவிடமிருந்து செய்தி. மனுஷர்களுக்கான பட்டை ஒருவேளை அடுத்த ஆண்டு வரலாம், முதலில் இரண்டே மொழிகளில், அதில் நம் மொழி இல்லை. 'உறுதியாகத் தெரிந்தபின் சொல்லலாம் என்றிருந்தேன், மனசு கேட்கவில்லை' என்று எழுதியிருந்தார்.

வந்தால் வாங்குவேன். பொய் சொல்லமாட்டேன். என் குரலைக் கேட்டால் பஸ்ஸில் சின்னக் குழந்தைகள் அம்மா பின்னால் ஒளிகின்றன. பட்டை வரட்டும், நன்றாக வரட்டும். நான் டிவி முன்னால் உட்காரமாட்டேன், அவ்வளவுதான். அவருக்கு நன்றி சொல்லி, கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் வரச் சொன்னேன்.

மார்ச் 15

இன்று மனைவியின் அக்கா வீட்டுக்குப் போனோம். வண்டியை அவள் ஓட்டினாள். நான் பக்கத்தில், மகள் பின்னால். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். இருந்தும் திரும்புகிற இடத்தில் இன்டிகேட்டர் போடமாட்டாள், போடுவது ஏதோ கௌரவக் குறைச்சல் மாதிரி.

"இன்டிகேட்டர்" என்றேன். போட்டாள். "கியர்" என்றேன். மாற்றினாள். "பஸ் பக்கத்துல போகாதே. பிரேக். பிரேக்! இப்போ விடு." பாலம் ஏறும்வரை இப்படியே போயிற்று. பாலத்துக்கு மேலே சிவப்பு விழுந்தது. வண்டியை நிறுத்தினாள். நிறுத்தற்கோட்டைத் தாண்டி நிறுத்தியிருந்தாள்.

"கோட்டைத் தாண்டிட்டே" என்றேன்.

படாரென்று என் பக்கம் திரும்பினாள். "அய்யோ, ஏறினதுலேருந்து தொணதொண தொணதொணன்னு! கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு வர்றீங்களா?"

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு என்னிடம் யாரும் இதைச் சொன்னதில்லை. யாருக்கும் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

"ஏங்க..." என்றாள் மெதுவாக. "நான்..."

காற்றை இழுத்தேன்.

"முடியாது" என்றேன்.

முதலில் சிரித்தது மகள்தான். பச்சை விழுந்தது. மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கிளட்சைப் பட்டென்று விட்டுவிட்டாள், வண்டி ஒரு குதி குதித்தது. அதையும் சொன்னேன்.